கண்ணாடி அடுப்பில் மூன்று வடுக்கள்

அடுப்பின் மேல் மூன்று வடுக்கள் இருந்தன. காலையில் இல்லை. காலையில் மப்புலா அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்துபோன களியைப் பிளேடு வைத்த சுரண்டியால் எடுத்து, குனிந்து தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். இப்போது மாலை ஐந்தரை. தென்னாப்பிரிக்காவின் செஷேகோவில் ஜூன் மாதத்துக் குளிர்காலச் சூரியன் சம்பளத்துக்கு மேல் ஒரு நிமிஷம் வேலை செய்யாது. சன்னல் அதற்குள் சாம்பல் பூத்துவிட்டது. அந்த அரைவெளிச்சத்தில், மின்சாரத்தில் சூடேறும் பெரிய வளையத்தைச் சுற்றி, கட்டைவிரல் அகலத்தில் மூன்று வட்ட வடுக்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு சாண்.

அந்தச் சாண் அளவு அவளுக்குத் தெரியும். ஊரில் அம்மாவின் சமையல் குடிசைத் தரையில், மூன்று கால் இரும்புப் பானை முப்பது வருஷம் ஒரே இடத்தில் நின்று போட்ட குழிகளுக்கு நடுவிலும் அதே அளவுதான்.

"லெசீபா, அடுப்பு மேல எதைத் தூக்கி வச்சே?"

அவள் கணவன் டிவி முன்னால் காலை நீட்டிக் கிடந்தான். ஆரஞ்சு நிறக் காலுறை. வலது காலில் பெருவிரல் ஓட்டை வழியாக உலகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நானா? அந்தக் கண்ணாடிகிட்ட நான் தும்மக்கூட மாட்டேனே." அது உண்மை. அந்த அடுப்புக்குக் காட்டிய மரியாதையில் பாதியை அவன் மாமியாருக்குக் காட்டியதில்லை. "பூனையா இருக்கும்."

"நம்ம வீட்ல ஏது பூனை?"

"மா செரோக்கா வீட்டுப் பூனை."

"அதுக்கு நாலு காலு."

லெசீபா டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

வரும் சனிக்கிழமையோடு அம்மா போய் ஒரு வருஷம். அன்றுதான் மப்புலா துக்கத்தின் கறுப்புத் துணியைக் களைய வேண்டும். "என்னை வழியனுப்புற களி என் பானையிலதான் வேகணும். அதோட சொந்தக் கால்ல நின்னு வேகணும். இல்லேன்னா நான் போக மாட்டேன்" என்று அம்மா கடைசி வாரத்தில் சொல்லியிருந்தாள். போக மாட்டேன் என்று சொன்ன இடத்திலிருந்து அவளை யாரும் கிளப்பியதில்லை; பேருந்து ஓட்டுநர்களுக்குக்கூட அது தெரியும். கால் வைத்த பானை கண்ணாடியைக் கீறும் என்று சொல்லி, லெசீபா அதை ஊரிலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பத்திரமாக இருக்கிறது என்று அம்மாவின் பெயரிலேயே சத்தியம் செய்திருந்தான்.

குப்பை கொட்டப் பின்பக்கம் போனபோது, பக்கத்து வீட்டு மா செரோக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"சனிக்கிழமைக்குப் பாத்திரம் ஏதாவது கொண்டாரட்டுமாடி?"

"வேண்டாம் மா. அம்மா பானை மச்சாண்டார் வீட்லேர்ந்து வந்துடும்."

"எந்தப் பானை? போன வாரம் வெல்டிங் கடையில உன் புருஷன் மூணு காலையும் அறுத்துக்கிட்டு நின்னானே, அதுவா? அந்தச் சத்தத்துல என் கோழி இன்னும் முட்டையிடலை. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

கார் நிறுத்தும் கொட்டகையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், அவளுடைய கல்யாணப் போர்வையில் சுற்றி வைத்திருந்தான். கவிழ்த்துப் பார்த்தாள். கரியேறிய அடிப்பாகத்தில் மூன்று வெட்டுத் தழும்புகள், பல் பிடுங்கிய ஈறுபோல, வெள்ளியாகப் பளபளத்தன.

தூக்கிவந்து சமையலறைத் தரையில் வைத்தாள். லெசீபா வந்து பார்த்தான்.

"ஆச்சரியமா இருக்கட்டும்னு வச்சிருந்தேன். இப்ப பாரு, கண்ணாடி மேல அப்பிடியே சப்புனு உக்காரும். நீ புகையில கெடந்து இரும வேண்டாம்."

"அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்ணியே."

"அண்ணன் வீட்டு வழியாத்தான் கடைக்குப் போனேன்."

"காலெல்லாம் எங்கே?"

"பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். இந்நேரம் உருக்கியிருப்பான்." அவள் முகத்தைப் பார்த்தான். "எல்லாம் உனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போய்விட்டான்.

ஆறு மணிக்கு மின்சாரம் போனது. அந்த ஊரில் நேரம் தவறாமல் வருவது மின்வெட்டு ஒன்றுதான். மப்புலா பழக்கப்படி அடுப்பின் திருகுகளைத் தடவிப் பார்த்தாள். திறந்து வைத்துவிட்டு மறந்தால், மின்சாரம் திரும்பும்போது ஆளில்லாமல் அடுப்பு எரியும். நான்கும் பூஜ்யத்தில் இருந்தன. குளிர்பெட்டியின் முனகல் ஓய்ந்து, தெருவின் டிவிகள் எல்லாம் ஓய்ந்து, எங்கோ ஒரு நாய் குரைத்து அதுவும் ஓய்ந்தபிறகு, மொபானே மர விறகின் புகை வாசம் மெல்ல வந்தது. அம்மாவின் குடிசையில், அம்மாவின் சால்வையில், அம்மாவின் சவப்பெட்டி மேல் போர்த்திய கம்பளியில் இருந்த அதே வாசம். அந்த வீட்டில் ஒரு சுள்ளிகூட எரிந்ததில்லை.

பெரிய வளையம் சிவந்தது.

மின்சாரம் இல்லை. திருகு பூஜ்யத்தில். வளையம் சிவந்துகொண்டே போனது. அந்தச் சிவப்பில் தரை தெரிந்தது. பானை வைத்த இடம் தெரிந்தது.

பானை இல்லை.

சர்ர்ர். நடைவழியில், டைல்ஸ் தரை மேல், இரும்பு தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போனது. நின்றது. மூச்சு வாங்குவதுபோல. மறுபடி சர்ர்ர். படுக்கையறைப் பக்கம்.

கத்தியிருக்கலாம். வாய் திறந்தது. அவன் செய்த சத்தியம் தொண்டையில் குறுக்கே நின்றது.

"மப்புலா? நீயா?" கட்டில் கிரீச்சிட்டது. "அ… அத்தையா?"

சர்ர்ர்.

"நான் இல்லை அத்தை! சத்தியமா நான் இல்லை! மப்புலாதான் அறுக்கச் சொன்னா. அவளுக்குத்தான் கண்ணாடி பெருசு. அவளைக் கேளுங்க!"

பதினேழு வருஷம் ஒரே போர்வைக்குள் படுத்த குரல். தெளிவாக, தடுமாறாமல் சொன்னது.

பிறகு ஒரு சத்தம். குட்டை. ஈரம்.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு, தொப். தொப். சர்ர்ர்.

திரும்பி வந்தது.

தொப். தொப். சர்ர்ர்.

"அம்மா," என்றாள். "நான் சொல்லலைம்மா."

வாசலில் நின்றது. பானையின் கீழே இரண்டு ஆரஞ்சுக் காலுறைகள். வலதில் பெருவிரல் வெளியே. மூன்று கால் பானை இரண்டு காலில் நிற்காது. சாய்ந்தது, நிலையில் முட்டியது, நிமிர்ந்தது. மூடி ஒருமுறை ஏறி இறங்கியது, பேச்சை நம்பாதபோது அம்மா தோளைக் குலுக்குவதுபோல.

பிறகு அது மெல்லத் திரும்பி, இன்னும் வெறுமையாகப் பளபளத்த மூன்றாவது தழும்பை அவள் பக்கம் காட்டியது.