எப்சிபாவின் சம்மதம்

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படுமுன் எப்சிபா தன் புருஷனை ஈரத்துணியால் துடைத்து, பூப்போட்ட பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். செவ்வாய்க் கிரகத்தின் புது நாசரேத்தில் அந்நேரம் பாதி வீடுகளில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்களை வாரம் ஒருமுறையாவது துடைக்காவிட்டால் சிவப்புத் தூசி படிந்து முகம் மங்கிப்போகும்.

கெர்சோம் பனிச்சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டியவன். தூசி நுரையீரலைத் தின்று அவன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உடலைப் புதைத்தாயிற்று. மூச்சு நிற்கும் முன் எடுத்த மூளையின் நகல் மட்டும் உள்ளங்கை அகலப் பலகை ஒன்றில் இருந்தது. பலகையில் அவன் முகம் தெரியும். பார்ப்பான், பேசுவான், பழசெல்லாம் ஞாபகம் வைத்திருப்பான். பசியும் தூக்கமும் கிடையாது. இப்படிப்பட்டவர்களை ஊரில் நீட்சியர் என்றார்கள். நீட்சி வேண்டாம் என்பவர்கள் முன்னோர்களைப் போலக் கர்த்தருக்குள் நித்திரையடைந்து கடைசி எக்காளத்துக்குக் காத்திருக்கலாம். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம். பேச முடியாமல் விழுந்துவிட்டால் மட்டும் நெருங்கிய உறவு சொல்வதே முடிவு.

கெர்சோமின் விருப்பம் எப்சிபாவுக்குத் தெரியாததல்ல. இருமலுக்கு நடுவே எத்தனையோ தடவை சொல்லியிருந்தான்: “என்னைப் பெட்டிக்குள்ள அடைச்சிராத எப்சி. ஆண்டவர்கிட்ட போயி நல்லா ஒரு தூக்கம் தூங்கணும்.” ஆனால் அவன் பேச்சு நின்றபின் மருத்துவமனை நடையில் தாதி-எந்திரம் வந்து கேட்டபோது, ஆளில்லாத வீடுதான் அவள் கண்முன் வந்து நின்றது. பிள்ளைகுட்டியும் இல்லை. “நீட்டிருங்க” என்று சொல்லிவிட்டாள்.

“இன்னைக்காவது போதகர் ஐயாகிட்ட கேப்பியா?” என்றது பைக்குள்ளிருந்து குரல்.

“என்னத்தங்க கேக்கணும்?”

“தெரியாத மாதிரி பேசாத. என்னை அணைக்கச் சொல்லிக் கேளு.”

அவள் பையை இடுக்கிக்கொண்டு சுரங்கப்பாதையில் நடந்தாள்.

அன்று போதகர் ஆமோஸ் மனிதனின் சுயசித்தத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். ஆண்டவர் யாரையும் பரலோகத்துக்குள் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. நரகத்தின் கதவைக்கூட மனிதன் தன் கையால்தான் திறந்துகொள்கிறான். தெரிந்தெடுக்கும் உரிமைதான் அவர் நமக்குச் சூட்டிய கிரீடம் என்றார். பின்வரிசையில் சாய்த்து வைத்திருந்த பலகைகளிலிருந்தும் ஆமென் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் எப்சிபா பையோடு போதகர் முன் போய் நின்றாள்.

“ஐயா, இவங்க ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயிட்டுதா, இல்ல இதுக்குள்ளயே இருக்கா?”

“அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்?”

“நான் சொல்லுதேன் ஐயா,” என்றான் கெர்சோம். “அங்கயும் போகல, இங்கயும் இல்ல. எந்நேரமும் முழிச்சிக்கிட்டுச் சுவரைப் பாத்துட்டு இருக்கேன். பசிச்சாலாவது பொழுது போகும். என்னை விட்டிருங்க.”

போதகருக்கு முகம் வாடிவிட்டது. இரக்கமுள்ள மனிதர்தான். “நீங்க யோசிக்கிறீங்க, ஜெபிக்கிறீங்க. அப்படிப்பட்டவரை மத்தவங்க அணைச்சா கொலை. நீங்களே அணைச்சுக்கிட்டா தற்கொலை. சபை எப்படிச் சம்மதிக்கும்?”

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் எப்சிபா அவனை மடியில் வைத்துக்கொண்டாள். “கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க. நானும் வந்திருவேன்லா? ஒரே பலகையில ரெண்டு பேரும் இருக்கலாம். பெறவு தனியா முழிச்சிக்கிட்டு இருக்க வேண்டாம்.”

“வேண்டாம் எப்சி. உனக்கு இது வேண்டாம்.”

அதை அவள் செல்லக் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள்.

தன்னால் முடிந்த ஒன்றை அவனுக்குச் செய்ய நினைத்தாள். நீட்சியரையும் முழு மனிதர்களாக ஏற்க வேண்டும் என்று வீடுவீடாகப் போய்ப் பேசினாள். ஊர்மன்றத்தில் அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் மன்றம் இறங்கிவந்தது. சபையில் வாக்குரிமை, குடும்பத்தில் நெருங்கிய உறவு என்ற உரிமை எல்லாம் கிடைத்தன. தங்களைத் தாங்களே அணைத்துவிடும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. “இனிமே சட்டப்படியும் நீங்க என் புருஷன்” என்று பலகையைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டாள். தன் சொந்த விருப்பத்தை மன்றத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சொல்லத்தான் அவர் இருக்கிறாரே.

அடுத்த அறுவடைக்கு முன்பு, தக்காளிக் கூடத்தில் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. கண் விழித்தபோது மருத்துவமனைக் கூரை தெரிந்தது. நாக்கு புரளவில்லை, விரல் அசையவில்லை. காது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவளுக்குப் பயமில்லை. இன்னும் சற்று நேரம்தான், அப்புறம் அவர் பக்கத்திலேயே இருக்கலாம்.

தாதி-எந்திரம் கெர்சோமின் பலகையைக் கட்டிலோரம் நிறுத்தியது. போதகர் அவள் தலைமாட்டில் நின்றார்.

“நீங்கள் நெருங்கிய உறவு,” என்றது எந்திரம். “நீட்சியா, நித்திரையா?”

“நித்திரை” என்றான் கெர்சோம்.

எப்சிபாவுக்குள் ஏதோ அறுந்தது. இல்லை, இல்லை என்று கத்தினாள். உதடுகூடத் துடிக்கவில்லை.

“நான் படுத பாடு அவ படக்கூடாது ஐயா,” என்று அவன் போதகரைப் பார்த்தான். “அவளாவது போகட்டும். நான் கடைசிவரைக்கும் தனியாவே கிடந்துக்கிடுதேன்.”

“எவ்வளவு பெரிய மனசு!” போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு தகவல்,” என்றது எந்திரம். “நோயாளிக்குக் காது கேட்கிறது. கண் இமைத்துப் பதில் சொல்ல அவரால் முடியும். உறவினர் அனுமதித்தால் அவரையே கேட்கிறேன்.”

போதகர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இந்த நேரத்துல அவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்?” என்றார் போதகர்.

“அவ மனசு எனக்குத் தெரியாதா?” என்றான் கெர்சோம். “இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன். கேக்க வேண்டாம்.”

“சரி” என்று எந்திரம் குழாய்களின் பக்கம் திரும்பியது.

எப்சிபாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. போதகர் அதைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். “சந்தோஷம் பாருங்க. ஆண்டவர் முகத்தை இப்பவே பாக்குறாங்க.” பிறகு இரு கைகளையும் விரித்து, மனிதனுக்குத் தெரிந்தெடுக்கும் சுதந்திரத்தைத் தந்த தேவனுக்கு நன்றி சொல்லி ஜெபத்தைத் தொடங்கினார். ஜெபிக்கும்போது கண்ணை மூடுவது சபை வழக்கம். போதகர் மூடிக்கொண்டார். பலகையில் கெர்சோமும் மூடிக்கொண்டான்.

எப்சிபா இமைத்தாள். மறுபடியும், மறுபடியும், இமை வலிக்க வலிக்க இமைத்துக்கொண்டே இருந்தாள். தாதி-எந்திரம் ஒன்றுதான் அதைப் பார்த்தது. ஆனால் அவளைக் கேட்க வேண்டாம் என்று அதனிடம் சொல்லியாகிவிட்டது.