மாரே இம்ப்ரியம்

திடீர் மழை... ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு விஷாகா ஓடி ஒதுங்கியது மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில்.

வட்டமான கருங்கல் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். புருவமெல்லாம் கல்தூள்... நடுவே கண்கள் மட்டும் பளிச்சென்று. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

தமிழ்வாணன் என்று பேர் சொன்னான். கல்லில் இருந்தது நிலா. ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் செதுக்குகிறானாம். நிலாவின் கருந்திட்டுகளை அந்தக் காலத்தில் கடல் என்று நினைத்து லத்தீனில் பேர் வைத்துவிட்டார்களாம். அதில் ஒன்றுக்குத் தமிழில் அர்த்தம் வெட்ட வேண்டும். அவள் செங்கல்பட்டுக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள், தினமும் லத்தீன் பெயர்களோடுதான் பிழைப்பு என்றதும் அவன் முகம் மலர்ந்தது.

“இது இன்னா மேடம்... மாரே இம்ப்ரியம்?”

மாரே என்றால் கடல். இம்ப்ரியம்...? தெரியாது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று எப்படிச் சொல்வது? செடிகளுக்கு ஆள் பேரை வைப்பது வழக்கம்தானே... இம்ப்ரி என்று யாரோ ஒருவர், அவருடைய கடல் என்று அடித்துவிட்டாள். அவன் நன்றி சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான்.

வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினாள். இம்பர் என்றால் மழை. இம்ப்ரியம் அதன் ஆறாம் வேற்றுமை, பன்மை. மழைகளின் கடல்... ஆளாவது, பேராவது. காது மடல் சுட்டது. யாருக்குத் தெரியப் போகிறது என்று இரண்டு நாள் வீம்பாக இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

‘இம்ப்ரியின் கடல்’ என்று அழகாக வெட்டி முடித்திருந்தான்.

அவள் சொல்லச் சொல்ல, அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே கேட்டான்.

“போன்ல பாக்கலாம்னுதான் எடுத்தேன் மேடம். நீங்களே சொல்ட்டீங்க, இன்னாத்துக்குன்னு வெச்சிட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கண் கலங்கிவிட்டது. உடனே அவன்தான் பதறினான். மேலாகத் தேய்த்து எடுத்தால் கல் புதுசாகிவிடும், நாலு நாள் வேலை, பள்ளிக்கூடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, வாசலில் நம்பர் எழுதியிருக்கிறதே, போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டான்.

நம்பரை அவள் அன்றைக்கே குறித்து வைத்திருந்தாள். ஏதாவது சாக்குச் சொல்லலாம்... வேண்டாம், ஒரு பொய் பட்டது போதும்.

“உங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் உளியைக் கீழே வைத்தான். மெல்லச் சிரிப்பு வந்தது.

“இதையாவது தெரிஞ்சி சொல்றீங்களா மேடம்?”

“இது தெரியும்,” என்றாள் விஷாகா.