கிழக்கு மூலையில் கொஞ்சம் சூடு

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர்!

நேற்று மத்தியானத்திலிருந்து மாமனாரைக் காணவில்லை என்று காலையில்தான் அவரிடம் புகார் கொடுத்திருந்தாள்.

"அவரு செல்போன் ரிங் போகுதும்மா, யாரும் எடுக்கல. சிக்னல் உங்க வயல் பக்கம் காட்டுது. வயலைக் கம்ப்யூட்டர்லயே பாக்கறவங்களாச்சே நீங்க... கொஞ்சம் பாருங்களேன்."

அவள் டேட்டா அனலிஸ்ட். வயல்களில் சென்சார் நட்டு ஈரம், சூடு, தழைச்சத்து என்று மண்ணுக்கு நாடி பிடிக்கும் கம்பெனியில் வேலை. கம்பெனியின் சோதனைத் திட்டத்தில் சொந்த வயலையும் விட்டுவைக்கவில்லை. மண்ணுக்கு இன்னிக்கு ஜுரம் எவ்வளவு டாக்டரம்மா என்று மாமனாரும் புருஷனும் மாற்றி மாற்றிக் கேட்டு, சோறு இறங்கவிடாமல் செய்வார்கள்.

திரையைத் திறந்தாள்.

கிழக்கு மூலை சிவப்பு!

நேற்றிலிருந்து அங்கே மண் சூடேறியிருந்தது. தழைச்சத்து எகிறியிருந்தது. உரம் போடச் சொல்லி அவள் சிபாரிசு செய்யவே இல்லை.

அப்படியானால்... உள்ளே ஏதோ அழுகுகிறது.

டிராக்டர் போன தடத்தையும் எடுத்துப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் நேராகக் கிழக்கு மூலைக்குப் போய், நின்று, திரும்பியிருந்தது. அதை ஓட்டுகிற ஆள் ஒருத்தன்தான்.

அவள் புருஷன்.

நேற்றுக் காலையில் நிலத்தில் பாதியை விற்பது பற்றி அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. என் பொணத்தைத் தாண்டித்தான் விப்பே என்று கிழவர் கத்தியது இன்னும் காதிலேயே இருந்தது.

பார்த்ததை மறைக்க மனசு வரவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஓடினாள்.

அவன் வயலில்தான் நின்றான். கையில் மண்வெட்டி.

"அந்த மூலைக்கு டிராக்டர் ஏன் போச்சு?"

அவன் முகம் வெளிறியது. "அங்க தோண்டாத. கெஞ்சிக் கேக்கறேன்."



ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். மாமனாரின் நம்பரை அழுத்தினார்.

ட்ரிங்...

சத்தம் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது!

கான்ஸ்டபிள்கள் தோண்டினார்கள். நாற்றம் குப்பென்று அடித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னய்யா இது... மீனு!"

திறந்தாள். குழி நிறைய அழுகிய மீன். சென்சாருக்கு நேர் அடியில்.

புருஷன் தலையைக் குனிந்தான். "இந்த சீசன்ல நம்ம வயல் மண்ணு தேறலைன்னா உங்க கம்பெனியில திட்டத்தையே மூடிருவாங்கன்னு போன்ல அழுதியே... கேட்டுட்டேன். அதான் உன் மெஷினுக்குக் கொஞ்சம் தீனி போட்டேன்."

"மாமா போன் எப்படி உள்ள போச்சு?"

"சத்தியமா தெரியாது. மேல இருக்கற மீன்தான் என்னோடது. மண்ணு ஏற்கெனவே பொலபொலன்னு இருந்துச்சு. வேலை சுலபமா முடிஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டேன்."

அப்போது வரப்பில் ஓர் உருவம். தோளில் சொட்டுகிற சாக்கு.

மாமனார்!

அவள் போனில் அழுததை அவரும் கேட்டிருக்கிறார். முதல் மீன் மூட்டையை நேற்று மத்தியானமே புதைத்திருக்கிறார். பற்றாது என்று தோன்றியதும் துறைமுகத்துக்கு பஸ் ஏறியிருக்கிறார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அங்கேயே தூங்கியிருக்கிறார். போன் குழிக்குள் விழுந்ததே அவருக்குத் தெரியாது.

அவள் அழுதாள். சிரிப்பும் வந்தது.

"சென்சார் அடியிலேயே கொட்டினா எப்படி மாமா? மத்த நிலமெல்லாம்?"

"மத்த நிலமா உன் ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்புது?"

கிழக்கு மூலைக் கணக்கு முழுக்கப் பொய் என்று ஆபீசுக்கு எழுதிவிடப் போவதாகச் சொன்னாள். வேலை போனால் போகட்டும். அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் தலையைச் சொறிந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே ஜீப்பில் ஏறினார்.

"கொலை கேஸ் இல்ல. பொய்சாட்சி கேஸ் வேணா போடலாம். ஆனா சாட்சியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக லாரி வேணும்மா."