அவள் பெயருக்கு என் குரல்

பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டும் நாள் அது. மூன்றாம் ஆண்டு மாணவி என்பதால் ஒரு குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் பன்னிரண்டு பேர், கூடவே அவர்களைப் பெற்றவர்கள். நூலகம், கேன்டீன், விடுதி என்று கூட்டிக்கொண்டு நடந்தேன். மெஸ் சாப்பாட்டைப் பற்றி உண்மையைச் சொன்னேன், தேர்வைப் பற்றிப் பொய் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரை வாசலிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன வருடம் இறந்துபோன என் அறைத்தோழியின் அம்மா. பக்கத்தில் அவளுடைய தங்கை, அதே நெற்றி, அதே சோம்பல் நடை. நான் கூட்டத்தின் மறுபக்கமாகவே நடந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

விடுதி மாடிப்படியில் பிடித்துவிட்டார்.

"நீதானேம்மா அவ ரூம்ல இருந்தது?"

"ஆமா ஆன்ட்டி."

"சின்னவ இங்கதான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. எனக்கு வரவே மனசில்ல. கடைசி நாள் காலைல கூட அவ கிளாஸ்ல சிரிச்சுக்கிட்டுதான் இருந்தான்னு சொன்னே பாரு, அதை வச்சுத்தான் நான் இன்னும் நடமாடுறேன். ரொம்பக் கஷ்டப்படாம போயிட்டா இல்ல?"

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் அதை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இழுக்கவில்லை, தலையை ஆட்டினேன்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது கேலரி வகுப்பறை. மரப்படிகளாக உயர்ந்துகொண்டே போகும் பெஞ்சுகள். உயரமான கடைசிப் பெஞ்சுக்கு அடியில் பழைய வரைபடங்களைப் போட்டுவைக்கும் கிடங்கு. அவளை அங்கேதான் கண்டெடுத்தார்கள். இப்போது அதன் கதவைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை, ஜன்னல் நிறைய வெயில். ஆனாலும் உள்ளே கால் வைத்ததும் ஈரக் காகித வாடை அடித்தது.

யாரும் வழிதவறவில்லை என்று பட்டியலைச் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளை முன்வரிசைகளில் உட்காரவைத்துப் பெயர்களைப் படித்தேன். "பிரசென்ட் மேடம்" என்று ஒவ்வொருவரும் கிண்டலாகப் பதில் சொன்னார்கள். பன்னிரண்டாவது பெயர் தங்கையுடையது. அதோடு பட்டியல் முடிந்தது.

என் வாய் முடிக்கவில்லை. அடுத்த பெயரையும் படித்தது. அவள் பெயரை.

தாளில் அது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"பிரசென்ட் சார்."

கடைசிப் பெஞ்சிலிருந்து வந்தது.

கடைசிப் பெஞ்சில் யாரும் இல்லை.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஒரு பையன் சிரித்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஈர வாடை இப்போது தொண்டைவரை வந்துவிட்டது.

"பிரசென்ட் சார்."

"அம்மா, அக்கா குரல்," என்று தங்கை கிசுகிசுத்தாள்.

அவள் அம்மா மெல்ல எழுந்தார். நெடுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இல்ல. யாரோ அவளை மாதிரி பேசுறாங்க. பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரிந்தது. மூக்கை லேசாக அடைத்து, 'சார்' என்பதைத் தூக்கக் கலக்கமாக இழுக்கும் அந்தக் குரலை நான்தான் பழகி வைத்திருந்தேன்.

அது என் குரல்.

மற்றவர்களை அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். அம்மாவும் தங்கையும் நின்றார்கள். ஒரு வருடமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

வராதவளுக்காக வருகை சொல்லி பிராக்ஸி கொடுப்பது எங்களுக்குள் தப்பே இல்லை, சிநேகம். அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயர். காலை வகுப்புக்கு அவள் வந்த நாளைவிட அவளுக்காக நான் குரல் கொடுத்த நாள்தான் அதிகம். ஒரு புதன்கிழமை ராத்திரி அவள் அறைக்குத் திரும்பவில்லை. போன் கட்டிலிலேயே கிடந்தது. வீட்டுக்குத் தெரியாமல் சீனியர்களோடு அருவிக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். வியாழனும் வெள்ளியும் அவள் பெயருக்குப் பதில் சொன்னேன். அவள் அம்மா அழைத்தபோது போனை எடுத்து, கிளாஸ்ல இருக்கா ஆன்ட்டி என்றேன். அலுவலகமும் வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு அதையே சொன்னது. யாரும் தேடவில்லை.

புதன் மதியமே அவள் குளுமைக்காகக் கிடங்கில் போய்ப் படுத்திருக்கிறாள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் காவலாளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். ஜன்னலை எட்ட அலமாரியில் ஏறியிருக்கிறாள், அது அவள் மேலேயே சாய்ந்துவிட்டது. சனிக்கிழமை கண்டெடுத்தார்கள். வெள்ளி மதியம்தான் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். பதிவேட்டின்படி வெள்ளி காலை வகுப்புக்கு வந்தவள் ஆயிற்றே, ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று எல்லாரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"அப்போ ரெண்டு நாளா?" என்றார் அம்மா.

"ஆமா ஆன்ட்டி."

"உயிரோட?"

மிச்சத்தையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"வெள்ளிக்கிழமை காலைல இதே ரூம்லதான் கிளாஸ், நான் கடைசிப் பெஞ்சுல இருந்தேன். கீழேருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. தண்ணி பைப்புன்னு நினைச்சேன். அப்போதான் சார் அவ பேரைக் கூப்பிட்டாரு. சத்தம் இன்னும் வேகமாச்சு. நான் பிரசென்ட் சார்னு சொன்னேன். அதுக்கப்புறம் தட்டவே இல்ல ஆன்ட்டி."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் படிகளில் ஏறிப் போனார். கடைசிப் பெஞ்சுக்குக் கீழே மண்டியிட்டு, பலகை இடுக்கில் வாயை வைத்தார்.

"குட்டிம்மா. அம்மா வந்திருக்கேன்டா."

மின்விசிறியின் சத்தம் நின்றுபோனது.

பலகைக்கு அடியில் நகத்தால் சுரண்டும் ஒலி.

பிறகு ஒரு குரல். தண்ணீரே காணாத தொண்டையின் குரல். அது என்னுடையது இல்லை.

"என் பேருக்கு யாரும்மா பிரசென்ட் சொன்னது?"

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.