அளவுத்தாள் இல்லாத போத்தல்

சனிக்கிழமை காலை மருந்தகக் கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தது நோயாளி அல்ல, நீச்சல் பயிற்றுநர் கச்சிமுகம்மது. இரண்டு வெற்றுப் போத்தல்களை மேசையில் வைத்தார்.

"ஸுல்பிகா, நேத்துப் போட்டியில குணம் சாலிஹுக்கு என்னத்தையோ கலந்து குடுத்திட்டான். கொழும்புப் போட்டிக்கான பேர்ப் பட்டியல் திங்கக்கிழமை தபால்ல போகுது. அவன்ட பேர நான் வெட்டப் போறன்."

மருந்து கலக்கும் ஸுல்பிகா எதற்கும் அவசரப்படாதவள். "இருங்க சேர். முதல்ல நடந்தத சொல்லுங்க."

நடந்தது இதுதான். நீச்சலுக்கு முன் அப்பச்சோடா குடித்தால் தசை களைப்பது தாமதமாகும் என்று பயிற்றுநர் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் படித்திருந்தார். அவருடைய கணக்கின்படி உடல் நிறைக்கேற்ற அளவைத் தண்ணீரில் கரைத்து, அவருடைய மாணவர்கள் குணத்துக்கும் சாலிஹுக்கும் ஆளுக்கொரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தவள் ஸுல்பிகாதான். ஒரு தடவைக்கு ஒரு வெட்டாக ஓரத்தில் ஆறு வெட்டுள்ள அளவுத்தாளைச் சோற்றுப்பசையால் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தாள். பன்னிரண்டு மணியிலிருந்து கால் மணிக்கொரு வெட்டாகக் குடிக்க வேண்டும். இரண்டரைக்கு இருநூறு மீற்றர். குணம் முந்தினான். சாலிஹ் பாதித் தூரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"ரெண்டு போத்தலையும் இஞ்சயிருந்து கொண்டு போனவன் குணம்தானே!"

ஸுல்பிகாவின் உதவியாளன் நல்லரெத்தினம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். போட்டிக்கு நேரம் குறிக்கப் பயிற்றுநர் அவனைத்தான் அழைத்திருந்தார். மாலை வகுப்பில் இரசாயனம் படிக்கும் அவன் எதையும் அட்டவணை போட்டே யோசிப்பான். குணத்தைப் போலவே பாண்டிருப்புக்காரன் என்பதால், ஊர்க்காரனுக்காகப் பக்கம் சாய்கிறேனோ என்று இரவு முழுவதும் தன்னையே சந்தேகித்திருந்தான்.

"மிஸ், ரெண்டு பேரும் குடிச்ச நேரம் எழுதியிருக்கன். ரெண்டும் ஒண்டுதான்."

"போத்தல் தண்ணியில நனைஞ்சதா?"

"இல்ல மிஸ். ரெண்டு மணிக்கே சேர்ட கூடைக்குள்ள போயிட்டு. கூடை நனையல்ல."

ஸுல்பிகா போத்தல்களைச் சாளரத்துக்கு நேரே பிடித்தாள். குணத்தின் போத்தலில் அளவுத்தாள் இறுக்கமாக ஒட்டியிருந்தது. சாலிஹுடையதில் தாள் இல்லை. கரைந்து வழிந்து காய்ந்த பசை மட்டும் மிச்சம். அடியில் கிடந்த துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சோடாதான். வேற ருசி ஒண்டும் இல்ல. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

பத்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். சாலிஹின் முகம் வெளுத்திருந்தது. குணம் கதவோரம் நின்று, "நான் ஏன் உள்ள வரணும்? கள்ளன் எண்டு முடிவு எடுத்தாச்சே" என்றான்.

"வாங்க தம்பி. இன்னும் எடுக்கல்ல." ஸுல்பிகா பயிற்றுநரின் பக்கம் திரும்பினாள். "சேர், நேத்துப் பன்னிரண்டே முக்காலுக்கு நீங்க எங்க?"

"பள்ளிவாசல்ல. முன் சஃப்பு வரிசையில."

"சாலிஹ்?"

"எனக்குப் பக்கத்துல."

"இமாம் கொத்பா ஓதக்குள்ள அவன் போத்தலத் தொறந்து குடிச்சானா?"

கச்சிமுகம்மது சுவரிலிருந்த கலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து வெள்ளிக்கிழமை சேர். நீங்க ஒத்திகை பார்த்தது புதன்கிழமை. புதனுக்குப் போட்ட நேரத்த வெள்ளிக்கும் வச்சிட்டீங்க. பள்ளிக்குப் போற ஆம்பிளைகள் ரெண்டு பேர் உங்களுக்குள்ளேயே இருந்தும், ஒருத்தருக்கும் ஞாபகம் வரல்ல. சாலிஹ், போத்தல எங்க வச்ச?"

"ஹவுள் தொட்டிக் கட்டுல மிஸ். வுழூ எடுக்கிற இடம் குளிரா இருக்கும் எண்டு."

"நூறு பேர் கை கால் கழுவின தண்ணி தெறிச்சுத் தாள் கழண்டிட்டு. எப்ப குடிச்ச?"

"தொழுகை முடிஞ்சு வந்து. ஒரே மூச்சுல." சாலிஹ் தலை குனிந்தான். "முன் சஃப்பு கிடைக்கணும் எண்டு சோறும் தின்னல்ல. சொன்னா சேர் ஏசுவாரெண்டு பயம். குடிச்ச அளவு ஒண்டுதானே மிஸ்?"

"அளவு ஒண்டுதான். வெறு வயித்துல எல்லாத்தையும் ஒரேயடியா ஊத்தினா வயிறு தாங்குமா? குணம் சோறு திண்டிட்டு வெட்டு வெட்டாக் குடிச்சவன். அவனுக்கு ஒண்டும் ஆகல்ல."

நல்லரெத்தினம் தன் அட்டவணையைப் பார்த்தான். சாலிஹின் நேரங்களை யாரிடமும் கேட்காமல் திட்டத் தாளைப் பார்த்து எழுதியவன் அவனேதான். சந்தேகப்பட வேண்டியது ஊர்ப்பாசத்தை அல்ல, கேட்காமல் எழுதிய இந்த வரிசையை. அதன் குறுக்கே கோடு கிழித்தான்.

கச்சிமுகம்மது எழுந்து குணத்தின் முன் போய் நின்றார். "மகன், நான் பிழை விட்டுட்டன். உன்ட பேர் பட்டியல்ல இருக்கும்."

"எனக்கு இப்பிடி வெல்ல வேணாம் சேர்" என்றான் குணம். "பட்டியல் போறதுக்கு முன்னால ரெண்டு பேரும் திரும்ப நீந்துறம்."

"சரி. எப்ப வைப்பம்?"

குணம் சாலிஹைப் பார்த்தான். நேற்றிலிருந்து முதல் தடவையாக இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"நாளைக்கு வைங்க சேர். ஆனா முதல்ல கலண்டரப் பாருங்க."