விழுந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை

அந்தப் பழைய தியேட்டருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். சனிக்கிழமை மதியக் காட்சி. வெளியே கண் கூசியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஒரே குளிர்ச்சியும் ஈரமும், ஊறிப்போன மெத்தையின் நாற்றமும். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"படம் போடறதுக்கு முன்னாடியே எனக்குப் பிடிக்கல," என்றாள்.

அக்கா அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எல்லா விடையும் சரியாகப் போட்ட பிள்ளையின் பேப்பரிலும் கையெழுத்து கோணல் என்று சிவப்பு மையில் எழுதி வைப்பாள். அவள் கணவர், என் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் சினிமாப் பைத்தியம்.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அதுவும் அக்கா போட்டதுதான். படத்தைப் பார்த்துவிட்டு யார் முதலில் "நல்லா இருந்துச்சு" என்கிறார்களோ, அடுத்த படம் வரை அவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வாயில் நல்ல வார்த்தை வந்ததே இல்லை. வீட்டு டிவியில் பார்த்த ஒரு பேய்ப்படத்தில், பேய் வருவதற்குள் அத்தான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டார். ஒரு காதல் படத்தில் நாயகனும் நாயகியும் மழையில் நனைந்துகொண்டே அழுதார்கள். "ஒரு குடை இருந்திருந்தா படம் பாதியிலயே முடிஞ்சிருக்கும்," என்றாள் அக்கா. புதிய தியேட்டரில் பார்த்த சண்டைப் படத்தில் நாயகன் ஊரையே அடித்து முடித்தும் சட்டை கசங்கவில்லை. என்ன கஞ்சி போடுகிறார்கள் என்று நான் கேட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த மழைப் படத்துக்கு நான் குளியலறையில் போய் அழுதேன். வெளியே சொன்னால் பாத்திரம் என் தலையில் விழும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஓடியது எப்போதோ வந்து எல்லோரும் மறந்துபோன ஒரு சண்டைப் படம். அரங்கில் எங்களைத் தவிர முன் வரிசையில் இரண்டொரு தலைகள். எங்கள் சீட்டின் ஸ்பிரிங் குத்தியதால், யாரும் இல்லாத பக்கவாட்டு வரிசைக்கு மாறி உட்கார்ந்தோம்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. நாயகன் ஓர் அடியாளைத் தூக்கி மாடியிலிருந்து எறிகிறான். அடியாள் கண்ணாடிக் கூரையைப் பிளந்துகொண்டு சிமெண்டுத் தரையில் விழுகிறான். கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "பொம்மையத் தூக்கிப் போட்டிருக்கானுங்க பாரு! மனுஷன் இப்படியா விழுவான்?"

"பொம்மை இல்லைங்க."

எங்களுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். பணிவான, வறண்ட குரல்.

அத்தான் திரும்பக்கூட இல்லை. "யாரா இருந்தா என்ன சார். நல்லா விழல."

"எங்க சரியில்லைன்னு சொன்னா திருத்திக்குவேன்."

அத்தான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். தப்பித் தவறிப் புகழ்ந்துவிடக் கூடாதே. "நான் லிஃப்ட் வேலை பாக்கறவன் சார். உயரத்துலேர்ந்து விழறவன் மொதல்ல கைய நீட்டுவான். இவன் நீட்டவே இல்ல. அடியும் பத்தல, வலியும் பத்தல. சுத்த மோசம்."

பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. உடைந்த குழாயில் காற்று போவது போல இருந்தது.

நான் திரும்பினேன். பின் வரிசையில் ஒருவரும் இல்லை. எல்லா சீட்டும் மடங்கியிருந்தது. என் பின்னால் இருந்த ஒன்று மட்டும் அப்போதுதான் மெதுவாக மடங்கியது.

படம் முடிந்து வெளியே வரும்போது டிக்கெட் கிழிப்பவர் எங்களை நிறுத்தினார். "அந்தப் பக்கமா உக்காந்தீங்க? இந்தப் படம் போடறப்ப அங்க நாங்க ஆளையே விடறதில்லம்மா."

"ஏன், ஒழுகுதா?" என்றாள் அக்கா.

"அந்தக் கண்ணாடி சீன்ல விழுந்த ஆளு எழுந்திரிக்கவே இல்ல. எடுத்தத அப்படியே படத்துல வெச்சுட்டாங்க. ஆளோட பேரக்கூடப் போடல."

அத்தான் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு, "தியேட்டர்காரங்க கதை படத்தவிட மோசமா இருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார். நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு டிவியில் ஒரு புதுப்படம் போட்டோம். அக்கா உள்ளறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அத்தான் கடலையைக் கொறித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார். நான் தரையில். ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

முதல் சண்டை, ஒரு கிடங்குக்குள். நாயகனைச் சுற்றி அடியாட்கள். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் நாயகனைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தான். அவன் தலை தோளில் சாய்ந்திருந்தது. சாய்ந்த தலையோடு மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். நாயகனின் குத்துக்குத் தானாகவே முகத்தைக் கொடுத்தான்.

குத்து விழுந்தது. அத்தானின் தலை பின்னால் போய்ச் சுவரில் மோதியது.

அவர் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்தார். உள்ளங்கையில் ரத்தம், அதில் ஒரு பல்.

"ஆடிட்டிருந்த பல்லுதான். கடலையில கல்லு," என்றார்.

"இது எப்படிங்க?"

குரல் சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. எங்கள் சோபா சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே ஓர் ஆள் நிற்க இடமே கிடையாது.

அத்தான் என்னைப் பார்த்து, ரத்த வாயோடு சிரித்தார். "அக்காவும் தங்கச்சியும் செட்டப்பா? ஃபோன ஒளிச்சு வெச்சிருக்கீங்களா? நீங்க தலைகீழா நின்னாலும் நான் பாத்திரம் கழுவ மாட்டேன்." பிறகு சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "சுமார்!"

"அத்தான், அது நாங்க இல்ல."

அவர் நம்பவில்லை. எங்கள் வீட்டில் யார்தான் நம்புவார்கள்?

திரையில் நாயகன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்தான். தலை சாய்ந்தவன் தன் முழங்கையை ஒரு மேசை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கம்பி இறங்கியது.

காய்ந்த குச்சியை முறிக்கிற சத்தம் டிவியில் வரவில்லை, எங்கள் கூடத்தில் வந்தது. அத்தானின் கை முழங்கைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக மடங்கியது. சட்டையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றது. அவர் கத்தியதைப் போல ஒரு மனிதன் கத்தி நான் கேட்டதில்லை.

நான் ரிமோட்டை அழுத்தினேன். படம் ஓடியது.

பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் ஓடியது.

"இது எப்படி? சொல்லுங்க. வலி பத்துதா?"

அத்தான் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஒரு கால் சுழன்று வந்தது. பூட்ஸ் பட்ட இடத்தில் அவர் தாடை கழன்று தொங்கியது. அதன் பிறகு அவரால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. ரத்தம் கழுத்து வழியாக வழிந்து மடியில் சிந்தியது.

அக்கா ஓடி வந்தாள். அவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னடி ஆச்சு! என்னடி பண்ணீங்க!" என்று அலறினாள்.

"அந்த ஆளு, அக்கா! தியேட்டர் ஆளு! நல்லா இருக்குன்னு சொல்லணும், அவ்வளவுதான்!" நான் கண்களை இறுக மூடிக்கொண்டு கத்தினேன். "நல்லா இருக்கு! எல்லாமே நல்லா இருக்கு! விட்டுடுங்க!"

"நீங்க பாக்கவே இல்லையே," என்றது குரல். இப்போது அது என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஈர மெத்தையின் நாற்றம் அடித்தது. "கண்ண மூடிக்கிட்டு சொன்னா எப்படிங்க?"

நான் கண்ணைத் திறந்தபோது திரையில் வேறு படம். அந்தப் பழைய மாடி, அந்தக் கண்ணாடிக் கூரை. விளிம்பில் அவன் நின்றான். அவனைத் தூக்கி எறிய இந்த முறை நாயகன் இல்லை.

அத்தான் சோபாவிலிருந்து மேலே போனார்.

சட்டைக் காலரைப் பிடித்து யாரோ தூக்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக. முறிந்த கை கீழே ஆடியது. அக்கா பாய்ந்து அவர் காலைப் பிடித்தாள். செருப்பு மட்டும்தான் அவள் கையில் வந்தது. அத்தானின் முதுகு கூரையில் உரசியது. நேர் கீழே எங்கள் கண்ணாடி டீப்பாய்.

"இந்தத் தடவை கைய நீட்டறேன்," என்றான் திரையில் இருந்தவன். "சரியா பாத்துக்குங்க."

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்றாள். பரீட்சை அறையில் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி அவனை நேருக்கு நேர் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை.

"வேண்டாம். மறுபடி விழ வேண்டாம். நேத்து தியேட்டர்ல நீங்க விழுந்தத நான் கண்ணெடுக்காம பாத்தேன். நல்லா இருந்துச்சு. இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் இப்படிச் சொன்னதில்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அத்தானின் ரத்தம் டீப்பாய்க் கண்ணாடியில் சொட்டுவது மட்டும் கேட்டது.

"நெசமாவா?" என்றான் அவன்.

"சத்தியமா."

அவன் முகம் கோணியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. டிவி அணைந்தது. அத்தான், யாரோ தள்ளிவிட்டது போல டீப்பாயை விட்டு விலகி, பொத்தென்று சோபாவின் கைப்பிடியில் விழுந்து தரையில் புரண்டார். விலா எலும்பு உடைந்தது. ஆனால் மூச்சு இருந்தது. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இருக்காரு, இருக்காரு," என்று பைத்தியம் போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார் என்று சொன்னோம். அவர் தொழிலுக்கு அது பொருந்தியது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கையில் கம்பி வைத்தார்கள், தாடையைச் சேர்த்துக் கட்டினார்கள். டிவியைப் பழைய சாமான் எடுப்பவரிடம் சும்மாவே கொடுத்துவிட்டேன். சினிமாப் பேச்சையே விட்டுவிட்டோம். கடைக்கு வருகிறவர்கள் படத்தைப் பற்றிப் பேசினால் நான் உள்ளே போய்விடுவேன்.

அத்தான் வீடு திரும்பிய அன்று காலை கூடம் முழுக்க வெயில் விழுந்திருந்தது. அவரைச் சோபாவில் சாய்த்து உட்கார வைத்தோம். வாயைத் திறக்க முடியாது. எல்லாமே உறிஞ்சும் குழல் வழியாகத்தான். நான் பக்கத்தில் நின்று அவர் முதுகுத் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தேன். அக்கா சமையலறையில் இருந்து சூப் கொண்டு வந்தாள். வெகுநாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"உங்களுக்குன்னே உப்பு கம்மியா போட்டிருக்கேன். குடிச்சுட்டு நல்லா இல்லைன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் இருக்கு," என்றாள் அத்தானிடம்.

அத்தானின் கண்கள் சிரித்தன. பிறகு அந்தக் கண்கள் அவளைத் தாண்டி மேலே போயின. கட்டிய வாய்க்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அது நிற்கவில்லை. அவர் நல்ல கை என் மணிக்கட்டை இறுக்கியது.

"டீச்சரம்மா."

கூச்சமும் சந்தோஷமும் நிறைந்த குரல். கூரைப் பக்கமிருந்து வந்தது.

"இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் அப்படிச் சொன்னீங்க. சும்மா கேட்டுட்டுப் போக மனசு வரல. உங்களுக்காகவே இன்னும் பெருசா ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். பக்கத்துலேர்ந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அக்கா எங்களைப் பார்த்தாள். சூப் கிண்ணம் இன்னும் அவள் கையில் இருந்தது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அவள் கால் விரல்கள் தரையைத் தேடிக்கொண்டிருந்தன.