ஒன்பதாவது வளைவில் ஒன்றேகால் நொடி

வண்டியில் இருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு. முன்வரிசை வலப்புறம், மடக்கி வைத்த ஸ்டியரிங்கிற்குப் பின்னால், மலைச்சாலை ஆற்றல் வாரியத்தின் ஆய்வாளர் பாவேந்தன். அவருக்கு இடப்புறம் நான், மிதுனா, வயது ஐம்பத்தெட்டு. எனக்குப் பின்னால் அருளரசி. வால்பாறையில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை செய்பவர். அவருக்குப் பக்கத்தில் ஹரிஷ் குமார். ஆழியாறு அணையில் இரவுக் காவல் முடித்து மேலே வீட்டுக்குத் திரும்புகிறவர். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். கிழமை புதன், நேரம் காலை ஆறு பத்து.

நான்கு இருக்கையும் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். மின்சாரத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டபோது வந்த சட்டம் இது. காலி இருக்கையைச் சுமந்துகொண்டு மலையேறக் கூடாது. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிரப்பாள் என்று ஒருவர் இருப்பார். ஆள் குறைகிற வண்டியில் ஏறிப் போய்த் திரும்பி வருவதுதான் அவர் வேலை. ஆழியாறு நிறுத்தத்தில் ஆறு ஆண்டுகளாக அந்த ஆள் நான். வால்பாறையில் எனக்குப் பார்க்க வேண்டியவர் யாரும் இல்லை, வாங்க வேண்டிய சாமானும் இல்லை. “அக்கா வந்துட்டாங்க, கெளம்பலாம்” என்பார்கள். பெரும்பாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

“ஆளில்லாமப் போனா கரண்ட் மிச்சம். மிதுனாக்காவ ஏத்துனா சட்டம் மிச்சம்” என்று அருளரசி பின்னாலிருந்து சொன்னார். ஆய்வாளர் இருப்பதால்தான் சொன்னார்.

“கணக்கு ஆளுக்குத்தானுங்க போடறோம், வண்டிக்கு இல்ல” என்றார் பாவேந்தன். முப்பது வயதிருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. மடியில் ஒரு பதிவுப் பலகை வைத்திருந்தார்.

வண்டிக்கு அரசு வைத்த பெயர் சிக்கன ஊர்தி நான்கு. சனங்கள் வைத்த பெயர் சிட்டு. சைக்கிள் சக்கரத்தைக் கொஞ்சம் தடித்த மாதிரி சக்கரங்கள். முப்பத்தைந்துக்கு மேல் வேகம் போகாது. ஓட்டுவது தன்னோட்டி என்னும் இயந்திர மூளை. ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் நடுவிலுள்ள நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அது ஒரு தடவைகூடத் தடுமாறாமல் ஏறும்.

“எங்க மாமா பழைய டீசல் ஜீப்பு ஒண்ணு வச்சிருந்தாருங்க” என்றார் பாவேந்தன். “ஓடாது, சும்மா நிக்கும். ஸ்டார்ட் பண்ணி சத்தம் மட்டும் கேட்டுட்டு அணைச்சிருவாரு. அதுக்கே ஒரு ஜாலி இருந்துச்சு. இதுல என்னங்க இருக்குது? மிக்ஸிக்குச் சக்கரம் வச்ச மாதிரி.”

“மிக்ஸியா இருந்தாலும் மூடியப் புடிக்கத் தெரியோணுமுங்க தம்பி” என்றேன்.

அருளரசி சிரித்தார். எட்டாவது வளைவு தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் பேசவில்லை. ஒன்பதாவதுக்கு முன் நான் பேசுவதில்லை.

வளைவின் வாயில் மோட்டாரின் ரீங்காரம் அறுந்தது. விசையில்லாமல் வண்டி தன் பாட்டில் உருண்டது. முன்மூக்கு லேசாகத் தாழ, பின்பக்கம் ஒரு விரற்கடை அகலம் வெளியே நகர, கண்ணாடியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் ஆழியாற்று நீர் முழுசாக வந்து போனது. பிறகு மோட்டார் மறுபடி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். ஹரிஷ் குமார் கண்ணைத் திறந்து, தண்ணீரைப் பார்த்து, திரும்பவும் மூடிக்கொண்டார். தினமும் அப்படித்தான். நாற்பது வளைவில் அந்த ஒன்றுக்கு மட்டும் விழிப்பார்.

“இதுதானுங்க” என்று பாவேந்தன் பலகையைத் தட்டினார். “ஒண்ணேகால் செகண்டு பவரை விட்டுருது. ஏத்தத்துல விடலாமுங்களா? போன வேகத்தைத் திரும்பப் புடிக்க நாலு வாட்-மணி செலவு. ரோடு நல்லா இருக்குது. வரையாடு குறுக்க வர்ற எடமும் இல்ல. இருநூறு வண்டி, நாளைக்கு ஆறு ஏத்தம். கிட்டத்தட்ட அஞ்சு யூனிட் தெனமும் காத்துல போகுது.”

“அஞ்சு யூனிட்டா? எங்க அடுப்புக்குக் குடுங்க சார். நானூறு புள்ளைக்கு முட்டை அவிச்சிருவேன்” என்றார் அருளரசி.

“அதுக்குத்தானுங்க வந்திருக்கேன். இந்தப் பழக்கம் தன்னோட்டிக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன்.” என் பக்கம் திரும்பினார். “உங்ககிட்ட இருந்துங்கம்மா.”

அது உண்மை. பதினாறு ஆண்டுகள் இந்த மலையில் கையால் ஓட்டியவள் நான். பதினோரு ஓட்டுநர்கள் இருந்தோம். தன்னோட்டியைவிடக் குறைவாக மின்சாரம் செலவழிக்கிறவருக்கு மட்டும் கையால் ஓட்டக் கைச்சான்று, மற்றவர்கள் இறங்கிவிட வேண்டும் என்று விதி வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். இயந்திரம் என்னைத் தாண்ட முடியாததால், வாரியம் என் ஓட்டப்பதிவுகளை எடுத்து அதற்கே ஊட்டியது. அடுத்த மாதம் அது என்னைப் போலவே ஓட்டியது. அதற்கு அசதி கிடையாது, சளி பிடிக்காது. என்னை நான் வெல்ல முடியவில்லை. கைச்சான்று போயிற்று.

“காரணம் சொல்லுங்கம்மா. எழுதிக்கறேன்” என்றார் பாவேந்தன். படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: பாதை நிலை, விலங்கு நடமாட்டம், பார்வைத் தடை, இயந்திரக் கோளாறு.

நான் நான்கையும் இரண்டு முறை படித்தேன். “யோசிச்சுச் சொல்றனுங்க.”

வால்பாறையில் இறங்கும்போது அவர் தயங்கி நின்றார். “சட்டப்படி இன்னொரு வழி இருக்குதுங்க. நாளைக்கு நீங்களே கையால ஓட்டுங்க. இன்னைக்கு இயந்திரம் எடுத்தது ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு வாட்-மணி. அதைவிடக் கம்மியா வந்துட்டா உங்க சான்று உங்களுக்கே. அந்தப் புதுப் பதிவு எல்லா வண்டிக்கும் போயிரும். எனக்கும் கேள்வி தீர்ந்துச்சு.”

ஆறு ஆண்டுகளில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. சரி என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை. அதே நால்வர். ஆனால் வலப்புறம் நான், இடப்புறம் பாவேந்தன். ஸ்டியரிங் விரிந்து என் மடிக்கு மேலே வந்து நின்றது. ரப்பர் குளிர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதியில் வைத்தேன்.

சிட்டை ஓட்டியவர்களுக்குத்தான் இது புரியும். அதில் பலம் கிடையாது. அதனால் தவறு செய்தால் மூடி மறைக்க எதுவும் இல்லை. பெரிய எஞ்சினில் வளைவைக் கோட்டைவிட்டால் மிதித்துச் சரிசெய்யலாம். இங்கே மூன்றாவது வளைவில் பிரேக்கைத் தொட்டால் ஐந்தாவது வரைக்கும் அதன் வலி இருக்கும். சக்கரத்தின் கீழே ஒரு கூழாங்கல் உருண்டால் உள்ளங்கைக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்தவர் பையை மடி மாற்றினால் இடுப்புக்குத் தெரியும். முப்பது வேகத்தில், யாரும் பயப்படாத வேகத்தில், உடம்பு முழுக்க வேலை செய்யும். முதல் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனேன். இரண்டாவதில் கை நினைவுக்கு வந்தது. நான்காவதில் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பாவேந்தன் திரும்பிப் பார்த்தார்.

“மிக்ஸிங்களா?” என்றேன்.

“இல்லீங்க” என்றார், கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு. “இது வேறயா இருக்குதுங்க.”

ஐந்தாவது வளைவில் முகப்பிலிருந்த எண்பலகையைப் பார்த்தேன். அதில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன: நேற்றைய இயந்திரம், இன்றைய நான். ஒரு வாட்-மணி நான் பின்தங்கியிருந்தேன். அதற்குப் பிறகு அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்தாவதில் மூன்று முன்னால். இருபதில் ஒன்று முன்னால். முப்பத்திரண்டில் இருவரும் சமம். நாற்பது முடிந்து, தேயிலைச் சரிவுகளைத் தாண்டி, வால்பாறை நிறுத்தத்தில் வண்டி நின்றபோது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்று.

“மூணு கம்மி!” பாவேந்தன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஜெயிச்சுட்டீங்கம்மா. பதிவு போயிருச்சு. ஏழு நாள் கழிச்சு உறுதியாயிரும். வேண்டாம்னா அதுக்குள்ள நீங்க கைப்பட மறுப்பு எழுதோணும். யாரு எழுதுவாங்க!”

நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். அருளரசி ஹரிஷ் குமாரின் தோளை உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வால்பாறை வந்திருச்சு. என்னண்ணே, இன்னைக்கு ஒரேயடியாத் தூங்கிட்டீங்க? தண்ணி பாக்க முழிக்கவே இல்லையே.”

“தண்ணி வந்துச்சா?” என்றார் அவர், கண்ணைக் கசக்கியபடி.

“அந்த ஒரு அமைதி வருமே, அது இன்னைக்கு வரல. அதான் நீங்க முழிக்கல” என்றார் அருளரசி. பிறகு என்னிடம், “ஆனா சூப்பராத்தான் ஓட்டுனீங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

நான் நிறுத்தத்தில் நின்றுகொண்டே இருந்தேன். ஒன்பதாவது வளைவை எப்படி எடுத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். எண் நினைவிருந்தது. வளைவு நினைவில்லை. மூன்று வாட்-மணியில் ஜெயித்திருக்கிறேன், அந்த வளைவின் நான்கை விட்டுக்கொடுத்து.

அந்த ஒன்றேகால் நொடி ஒரு தவறில்தான் ஆரம்பித்தது. ஓட்ட வந்த இரண்டாம் ஆண்டு, மழைநாள். ஈரச் செருப்பு மிதியிலிருந்து வழுக்கியது. பதறினேன். வண்டி பதறவில்லை, தானாகத் திரும்பி, அணையை எனக்குக் காட்டி, மறுபடி என் காலடிக்கு வந்தது. மறுநாள் வேண்டுமென்றே காலை எடுத்தேன். அதன் பிறகு பதினான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஏற்றத்திலும். அந்த நான்கை மற்ற வளைவுகளில் சேர்த்துவைத்த மிச்சத்தில் ஈடுகட்டுவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் ஆள் இல்லை. மாலையில் அறைக் கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். நிரப்பாளான பிறகு, நாளில் அந்த ஒரு வளைவில்தான் என்னைத் தெரிந்த ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு நாட்கள் ஒன்றும் எழுதவில்லை. சும்மா இருந்தாலே போதும், சான்று வந்துவிடும். தினமும் வலப்புற இருக்கை என்னுடையது. அந்த ரப்பரின் குளிர்ச்சி கையைவிட்டுப் போகவில்லை. ஓட்டும்போது ஒன்பதாவதில் மட்டும் மிதியிலிருந்து காலை எடுத்துக்கொண்டால் போயிற்று என்றும் நினைத்தேன். ஆனால் நான் ஓட்டுவது ஒரு வண்டி. மற்ற நூற்றுத்தொண்ணூற்றொன்பதும் வியாழக்கிழமைப் பதிவின்படி எண்ணைப் பார்த்துக்கொண்டே ஏறும். என் வண்டியிலும், காலை எடுத்தால் எண்ணில் தோற்று மறுபடி இறங்குவேன். முட்டையையும் யோசித்தேன். ஐந்து யூனிட், நானூறு பிள்ளைகள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஏழாம் நாள் காலை, நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்.

அனுப்புநர்: மி. மிதுனா, நிரப்பாள், ஆழியாறு நிறுத்தம்.

பெறுநர்: ஆய்வாளர் அவர்கள், மலைச்சாலை ஆற்றல் வாரியம், வால்பாறை.

பொருள்: வியாழக்கிழமைப் பயணப் பதிவை மறுத்தல்.

ஐயா, மேற்படி பயணத்தில் இருந்தவர்கள் தாங்கள், நான், அருளரசி, ஹரிஷ் குமார். வலப்புறம் அமர்ந்திருந்தவள் நான் என்றாலும் ஐந்தாவது வளைவுக்கு மேல் நான் சாலையை அனுபவித்து ஓட்டவில்லை. எண்ணை ஓட்டினேன். ஆகவே அந்தப் பதிவை மறுக்கிறேன். இதனால் கைச்சான்று எனக்குக் கிடைக்காது என்பதை அறிவேன்.

ஒன்பதாவது வளைவில் விசை நிற்பதற்குக் காரணம் கேட்டிருந்தீர்கள். தங்கள் படிவத்தின் நான்கு கட்டங்களிலும் அது அடங்கவில்லை. அங்கே வண்டி ஓட்டச் சந்தோஷமாக இருக்கும். வேறு காரணம் இல்லை. ஐந்து யூனிட்டை வேறெங்காவது மிச்சம் பிடிக்க முடியுமானால், நாற்பது வளைவும் எனக்குத் தெரியும், கூப்பிட்டால் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு, மி. மிதுனா.

ஒரு முறை படித்துப் பார்த்தேன். “சந்தோஷமாக” என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்து எடுத்தேன். அடிக்கவில்லை. மடித்து உறையிலிட்டேன். கோந்து காய்ந்து போயிருந்ததால் தண்ணீர் தொட்டு ஒட்டி, பெஞ்சின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன்.

ஆறு பத்து வண்டி வந்து நின்றது. “அக்கா, இன்னைக்கும் ஒரு ஆள் கொறையுது” என்று அருளரசி கையை ஆட்டினார்.

வண்டிக் கதவருகே இருந்த வால்பாறைத் தபால் பெட்டியில் உறையைப் போட்டேன். உள்ளே அது மற்ற கடிதங்களின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. முன்வரிசை வலப்புறம், மடக்கிய ஸ்டியரிங்கிற்குப் பின்னால், எனக்குத் தெரியாத ஒருவர். அவருக்கு இடப்புறம் அருளரசி. பின்வரிசை இடப்புறம் நான். எனக்குப் பக்கத்தில் ஹரிஷ் குமார்.

வண்டி கிளம்பியது. அவர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.